நடுவுக்குக் கை எட்டாது

ஜூன் 9, திங்கள்

என் பெயரை எழுதிவிட்டு என் முறையை வெட்டி எறிந்திருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான். செய்தவன் பூபதி. அவனுடைய அப்பா ஆரம்பித்த ஃபவுண்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் உலையடியில் நின்று, ஃபோர்மேனாக வெளியே வந்தவன் நான்.

காலையில் கிரேன் ஓட்டும் மயில்சாமி வீட்டுக்கு வந்தான். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "ஐயா, உங்களுக்குச் சந்தோசமா இருக்குமுங்க. புது ஃபர்னஸ் மேல உங்க பேரப் போட்டு அட்டை ஒட்டியிருக்குது" என்றான். குழாயை மூடாமலே பஸ் ஏறிப் போனேன்.

அட்டை இருந்தது. 'சென்னியப்பன் முறை' என்று பெரிய எழுத்து. கீழே, நேரம் போகப் போக உலையின் சூடு இறங்குவதைக் காட்டும் ஒரு கோடு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு, பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பலகை போல, ஒரே சரிவு.

அது என் கோடு இல்லை. என் கோட்டில் இரண்டு மேடு உண்டு.

ஃபவுண்டரியில் செய்வது ரோல். இரும்புத் தகடு உருட்டும் மில்லுக்குப் போகிற கெட்டி எஃகு உருளை. இந்த முறை செய்திருப்பது இதுவரை செய்ததிலேயே தடியானது. நிற்க வைத்தால் என்னைவிட உயரம், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை முட்டாது. சிவக்கச் சிவக்க இருக்கும் அதை ஆற வைக்க வேண்டும். தோல் முதலில் ஆறும். நடுவுக்குச் சேதி போய்ச் சேர நெடுநேரம் பிடிக்கும். தோல் ஆறி விறைத்து நின்றபிறகு நடு சுருங்கத் தொடங்கினால், தோல் விட்டுக்கொடுக்காது. நடுவை எல்லாப் பக்கமும் பிடித்து இழுக்கும். அந்த இழுவையோடு வெளியே வருகிற ரோல் பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, ஒரு நாள் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவன் செத்தான்.

நடுவுக்குக் கை எட்டாது. உலையின் சூட்டை ஏற்றலாம், இறக்கலாம். அது தொடுவது விளிம்பை மட்டும். விளிம்பை மட்டும் தொட்டு நடுவை வழிக்குக் கொண்டுவருவதற்குத்தான் அந்த இரண்டு மேடு. கொஞ்சம் இறக்கு. மறுபடி ஏற்று. தோல் நடுவுக்காகக் காத்திருக்கட்டும். பிறகு இறக்கு. மேட்டை எடுத்துவிட்டால் முறையே கிடையாது, அது சும்மா ஆறப் போடுவது.

பூபதியிடம் கேட்டேன். சிரித்தான்.

"ஆற வெக்கத்தானுங்க மாமா உள்ள வெச்சிருக்கறோம். நடுவுல எதுக்கு மறுக்கா கரண்ட்ட ஊத்தறது? ரெண்டு மேட்டையும் எடுத்துட்டா நேரா இறங்குது. பாக்கறதுக்கும் அழகா இருக்குது."

எனக்கும் அவனுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. காரியம் ஆக வேண்டுமென்றால் மாமா.

"உனக்கு அழகா இருந்தா ரோலுக்கு என்னடா? என் பேர எதுக்குப் போட்டே?"

"மில்லுக்காரங்க உங்க பேரக் கேட்டுத்தானுங்க ஆர்டரே குடுத்தாங்க."

அட்டையைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ரங்கநாயகி, "ஏனுங், சட்டையெல்லாம் என்ன பசை?" என்றாள்.

"அட்டை கிழிச்சேன்."

"இந்த வயசுல போஸ்டர் கிழிக்கவா போனீங்க? மாட்டுக்குத்தான் அந்தப் பழக்கம்."

வாசல் முழுக்கத் தண்ணீர் நின்றிருந்தது. அதற்கும் திட்டினாள்.


ஜூன் 10, செவ்வாய்

மறுபடி போனேன். மில்லுக்கு ஃபோன் போட்டு, 'இது என் முறை இல்லை' என்று சொல்லிவிடுவேன் என்றேன். பூபதிக்கு முகம் செத்துவிட்டது. "சரிங்க மாமா, உள்ள இருக்கற ரோலுக்கு நீங்களே வந்து நில்லுங்க. ரெண்டு மேட்டையும் நீங்களே ஏத்துங்க" என்றான். அத்தோடு விட்டானா? "நம்ம டாக்டரம்மாவையும் கூட வெச்சுக்குங்க" என்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்து நிறுத்தினான்.

பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம். இங்கே ஒரு காலேஜில் கணக்கு வாத்தியார். உலையின் சூட்டைக் கம்ப்யூட்டர் வழியாக ஏற்றி இறக்கும் ஏற்பாட்டைச் செய்வதற்காக இந்த மாதம்தான் ஃபவுண்டரிக்கு வந்துபோகிறாள். அவள் டாக்டர் பட்டம் வாங்கியது எதில் தெரியுமா? விளிம்பைத் தொட்டு நடுவின் சூட்டை ஆள்வதில். இதற்கெல்லாம் பட்டம் கொடுக்கிறார்களாம்.

"ஐயா, நீங்க தனியா உக்காந்து இதக் கண்டுபிடிச்சீங்கன்னு சொன்னாங்க. நெசமாவா?"

"ஏன், நம்ப முடியலையா?"

"நம்புதேன். அதான் கேக்கேன். நேரம் கொறையக் கொறைய விளிம்ப மேலயும் கீழயும் பலமா ஆட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கணக்குப் போட்டேன்."

"அது பெரிய தேற்றம்யா. அம்பது வருசத்துக்கு முன்னாடியே வெளிநாட்டுல நிரூபிச்சிட்டாங்க."

எனக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, ஒவ்வொரு குறியும் என்னவென்று நானே கண்டுபிடித்து நானே போட்ட கணக்கு. அதை எங்கோ எவனோ முன்பே போட்டு முடித்துவிட்டான் என்று, மிட்டாய் கொடுக்கிற முகத்தோடு சொல்கிறாள். மூஞ்சியில் தும்மினது போல இருந்தது.

அதோடு நிறுத்தவில்லை.

"ஒண்ணு மட்டும் சரியில்லய்யா. எஃகு ஆறும்போது ஒரு கட்டத்துல அதோட உள் கட்டமைப்பு மாறும். மாறும்போது அது தானே சூட்டக் கக்கும். அந்தச் சூடு உங்க சமன்பாட்டுல இல்ல. நடு கக்கி முடிக்கும் முன்னாடி நீங்க மொத மேட்ட ஏத்துனா, நடுவுக்கும் தோலுக்கும் மத்தியில ஒரு வளையம் மாட்டிக்கிட்டு இழுபடும். கொஞ்சம் தள்ளி ஏத்துவோம்."

"இதுக்கு முன்னால ஆற வெச்ச ரோலெல்லாம் வளையம் மாட்டியா செத்துப்போச்சு?"

"அதெல்லாம் ஒல்லி ரோலுல்லா. கக்குற சூடு சீக்கிரம் வெளிய ஓடிரும். இது தடி."

"நீ இதுவரைக்கும் எத்தன ரோல் ஆற வெச்சிருக்கறே?"

"ஒண்ணும் இல்லய்யா."

"அப்ப வாய மூடு."

மூடினாள். நான் சொன்னது கடுமைதான் என்று திரும்பி வரும்போது மயில்சாமி சொன்னான். கடுமையாகத்தான் சொன்னேன்.


ஜூன் 11, புதன்

என் கணக்குப்படி, என் நேரத்தில், முதல் மேட்டை ஏற்றினேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள். லேப்டாப்பில் எதையோ தட்டினாள்.

மயில்சாமி வந்து, "ஏனுங்கய்யா, ஆறிப்போன காப்பிய மறுக்கா சுட வெச்சாலே எங்கூட்டுல சண்டைங்க. நீங்க இத்தாச்சோட்டு இரும்ப மறுக்கா சுட வெக்கறீங்களே" என்றான். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், அவள் சிரிக்காமல் இருந்திருந்தால்.

உலைச் சுவரில் சூடு அளக்கும் கம்பிகள் சொல்வதெல்லாம் விளிம்பின் சேதி. நடு என்ன நினைக்கிறதென்று எந்தக் கம்பியும் சொல்லாது. அதைக் கணக்கு மட்டும்தான் சொல்லும்.


ஜூன் 12, வியாழன்

மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. சொன்ன சொல்லுக்கு நிற்கிறவன் இந்த ஊரில் ஒருவனும் இல்லை. குடத்தில் தண்ணீர் சுமந்தேன்.

பொழுது போகாமல், அந்தப் பெண் சொன்ன சூட்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். பென்சில் மொன்னையாகிவிட்டது. முடிக்கவில்லை.


ஜூன் 13, வெள்ளி

கணக்கு முடிந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

வாழைப்பூ ஆய்ந்து கொடுத்தேன். விரலெல்லாம் கறை.

சாப்பிடும்போது ரங்கநாயகி, "பருப்பு உசிலி புடிக்கலீங்களா?" என்றாள். "புடிக்குது" என்றேன். "பின்ன எதுக்கு இப்படி வேப்பெண்ணெய குடிச்சாப்பல இருக்கறீங்க?" என்றாள். எழுந்து கை கழுவினேன்.


ஜூன் 14, சனி

ஃபவுண்டரிக்குப் போனேன். இரண்டாவது மேடு நாளைக்கு ஏற வேண்டும். அதைக் கொஞ்சம் உயர்த்தி, நிறைய நேரம் நீட்ட வேண்டுமென்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"ஏன்யா, முன்னாடி போட்டத மாத்துதீங்க?"

"மழை பெஞ்சிருக்குது. ஈரக் காத்து. உலை வெளிய சூட்ட ஜாஸ்தி விடும்."

"மழையாலயா?"

"மழையாலதான்."

என்னையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "சரிய்யா. ஆனா அம்புட்டு மழைக்கு இந்த நேரம் பத்தாது. இன்னும் பாதி சேத்து நீட்டுவோம். நடுவுக்கும் தோலுக்கும் மத்தியில இருக்கது சமாதானம் ஆகணும்லா." அவள் காட்டிய எண்ணும் என் காகிதத்தில் இருந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்று; நான் வாயால் சொன்னதுதான் குறைவு. நான் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். நானாகக் கேட்டேன், அதனால் சொன்னாள். விளிம்பை ஆள்கிறவனால் உள்ளே இருப்பதைச் சமமாக்க முடியுமாம். எப்படிக் கிடந்தாலும், எவ்வளவு குறைந்த நேரத்திலும் முடியுமாம். ஆனால் உள்ளே தன் இஷ்டத்துக்கு மேடு பள்ளம் செதுக்க முடியாதாம். "சூடு எல்லாத்தையும் மழுங்கடிச்சிரும்யா. நாம விளிம்புல எவ்வளவு கூர்மையா பண்ணாலும் உள்ள மொழுக்குன்னுதான் போயிச் சேரும்." நான் பல வருஷமாக எந்த வடிவத்தையும் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டு அதற்கு ஒரு கணக்குத் தேடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

நாளைக்கு அக்கா பேத்திக்குக் கோபியில் கல்யாணம். போகாவிட்டால் அக்கா செத்தால்கூடச் சொல்லி அனுப்ப மாட்டாள். ஜெசிந்தாவுக்கு ஞாயிறு மாதா கோயில், பிறகு ஊருக்கு பஸ். மேடு தானாகவே ஏறும்படி கம்ப்யூட்டரில் போட்டுவிட்டாள். யாரும் கை வைக்கக் கூடாது என்று பூபதியிடம் இரண்டு பேரும் சொன்னோம். "கை வெப்பனுங்களா மாமா?" என்றான்.


ஜூன் 15, ஞாயிறு

கல்யாணம். இலையில் சந்தகை ஆறிக் கிடந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எனக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்டான். மாப்பிள்ளை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான்.


ஜூன் 16, திங்கள்

உலைக் கதவு திறந்து கிடந்தது.

ரோல் வெளியே. உலைக்குள் போய்வரும் டிராலியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கிட்டே போனால் முகத்தில் அனல். மேடு ஏற்றவே இல்லை. நேற்று நாங்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லை என்று தெரிந்து, பூபதி கம்ப்யூட்டரை அணைத்து, கதவைத் திறந்து, டிராலியை இழுத்து வெளியே விட்டிருக்கிறான். ரோல் இந்த வாரமே வேண்டுமென்று மில்லில் கேட்டார்களாம்.

பூபதி ரோலைச் சுற்றிச் சுற்றி வந்தான், புதுக் கார் வாங்கினவன் மாதிரி. "பாத்தீங்களா மாமா, ஒண்ணும் ஆகல. ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்."

"கீறல் இப்ப இருக்காதுடா. இழுவை இருக்குது. நாயி கடிக்கறதுக்கு முன்னால காயம் எங்கேன்னு கேக்கறியா?"

"அதுக்குத்தானுங்க ஆளக் கூப்பிட்டிருக்கறேன்."

அல்ட்ராசோனிக் சோதனைக்காரன் ஒருவன் வந்தான். வாயில் பாக்கு. ரோலின் மேல் கருவியை நான்கு இடத்தில் வைத்தான். அனல் பட்டதும் கையை எடுத்துக்கொண்டான். விரிசல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கருவி விரிசலைத்தான் காட்டும், இழுவையைக் காட்டாது. இது அவனுக்கும் தெரியும். துப்பிவிட்டுப் போனான்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. கிரேன் வேண்டாம், செயின் வேண்டாம், யாரும் கிட்டே வர வேண்டாம். டிராலியை வின்ச் கம்பியில் கட்டித் தூரத்திலிருந்தே உலைக்குள் இழு. மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சூடேற்றி, மறுபடி ஆற வைக்கலாம். அவசரமாக ஏற்றினாலும் தோல் விரிந்து நடுவைக் கிழிக்கும். ஜெசிந்தாவும் ஃபோனில் இதையே சொன்னாள், பூபதியிடமே சொன்னாள். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று கேட்டுவிட்டு, ஃபோனை வைத்ததும், "மயில்சாமி, செயினப் போடு" என்றான்.

நான் போய்க் கிரேன் சுவிட்ச் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மயில்சாமி ரோலின் பக்கம் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கட்டால போடா" என்றேன்.

"ஏனுங்கய்யா, நீங்க சொல்றதக் கேக்கறதா, சம்பளம் குடுக்கறவரு சொல்றதக் கேக்கறதா? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. அதுவரைக்கும் நான் இப்படியே கோயில் செலையாட்ட நிக்கறேன்."

"செலையாத்தான் ஆகப்போறே. அக்கட்டால போ."

ஒரு எட்டு நகர்ந்தான். அப்போது சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் இல்லை. வெண்கலப் பாத்திரத்தைச் சுண்டினது போல ஒன்று, ரோலுக்கு உள்ளேயிருந்து. காதில் கேட்டதைவிடக் காலில்தான் அதிகம் கேட்டது. மயில்சாமி செயினைக் கீழே நழுவவிட்டான். உதட்டை நக்கிக்கொண்டே அங்கேயே நின்றான். அவனைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே இழுத்து வந்தேன்.

பூபதி வாசலில் நின்றிருந்தான். அவன் முகத்திலும் ரத்தமில்லை. ஆனால் வாயைத் திறந்து அவன் சொன்னது: "செயின் விழுந்த சத்தமுங்க. இல்லையா மயில்சாமி?"

மயில்சாமி தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

இவனுடைய அப்பா சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானா இவன்? வீட்டுக்கு வந்து குளித்தேன். அப்படியும் போகவில்லை அந்த அருவருப்பு.


ஜூன் 17, செவ்வாய்

காலையில் பூபதி வந்தான். பையில் ஆப்பிள். ரங்கநாயகி காப்பி கொடுத்தாள். கொடுக்காதே என்று கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்காதது போல இருந்துகொண்டாள்.

"வெளிய ஒரு கீறல் இல்லீங்க மாமா. டெஸ்ட் ரிப்போர்ட் கையில இருக்குது. ஆறுனதும் நாளானிக்கு லாரில ஏத்தி விட்டர்றேன்."

"உள்ள ஒடஞ்சிருக்குது. உன் காதுல விழுந்துச்சு."

"செயினுங்க."

"மில்லுல அந்த ரோல் பக்கத்துல நின்னு தகடு உருட்டறவன் ஊருப் பேரு தெரியுமா உனக்கு?"

தம்ளரைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொதல் மேட்ட ஏத்துனது நீங்க. தள்ளி ஏத்தணும்னு டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களாமா. வாய மூடுன்னீங்களாமா. இப்ப ரோல அறுத்துப் பாக்கலாமுன்னு நீங்க நின்னீங்கன்னா, உள்ள இருக்கறது என் தப்பா உங்க தப்பான்னு வெளிய வந்துரும். இத்தன வருசம் சம்பாரிச்ச பேரு மாமா. யோசிச்சுக்குங்க."

ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுப்படியிலிருந்து ரங்கநாயகி வந்தாள். "அறுத்தா யாரு பேரு கெடுமுங்க?"

"யாருதாவது கெடும்."

"உங்களுதா?"

"மோட்டார்காரனுக்கு ஃபோன் போட்டியா?" என்று கேட்டேன்.

மத்தியானம் காலேஜுக்குப் போனேன். ஜெசிந்தா ஒரு பையனுக்கு மார்க் குறைத்துக்கொண்டிருந்தாள். அவனை அனுப்பிவிட்டு எனக்கு நாற்காலி போட்டாள். விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டேன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டாள். நடுப்புள்ளியில் விரலை வைத்து, "இங்க இருந்து ஒடஞ்சிருந்தா, சீக்கிரம் கதவத் தொறந்ததால. ரெண்டாவது மேடு இல்லாததால." பிறகு நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு வளையம் வரைந்தாள். "இங்க இருந்து ஆரம்பிச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு."

"மொத மேடு முந்திப் போனதால. ரெண்டாவது ஏறியிருந்தா அதுவும் சரியாயிருக்கும்யா. அதையும் சொல்லணும்லா."

"எது இருக்கும்னு நெனக்கறே?"

"அறுத்தாத்தான் தெரியும்."

"உன் கணக்கு என்ன சொல்லுது?"

சாக்பீஸ் தூளை ஊதினாள். "உங்க கணக்கு என்ன சொல்லுதுய்யா? சனிக்கிழமை சொன்னீங்கள்லா, மழைக் கணக்கு?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியில் நின்று மில்லுக்கு ஃபோன் போட்டேன். அங்கே ரோல் வாங்குகிற பிரிவின் தலைவர் கிடைத்தார். சென்னியப்பன் பேசுகிறேன் என்றதும் உட்காருங்கள் என்பது போலப் பேசினார். அந்த ரோல் உள்ளே உடைந்திருக்கிறது, லாரி ஏற விடாதீர்கள், வந்து உங்கள் கண் முன்னால் அறுத்துப் பாருங்கள் என்றேன். "யார் தப்புங்க?" என்று கேட்டார். "அறுத்ததும் தெரியும்" என்றேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.


ஜூன் 18, புதன்

மயில்சாமி வந்தான். நேற்றிலிருந்து அவனுக்கு வேலை இல்லையாம். செயின் சத்தம் என்று சொல்ல மாட்டேன் என்றானாம். "எனக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னெல்லாம் இல்லீங்கய்யா. தெனமும் பொய்தான் சொல்றேன். ஆனா அந்தச் சத்தம் கால் வழியா ஏறுச்சுங்க. அத எப்படிங்க இல்லைங்கறது?" என்றான். ரங்கநாயகி அவனுக்கு ஒரு ஆப்பிள் கொடுத்தாள். அவன் அதை அங்கேயே தின்றான்.

இனி நடக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன். நாளைக்குக் காலையில் இதைப் பூபதி முகத்துக்கு நேராகப் படிக்கப் போகிறேன். கேட்காவிட்டால் கேட் முன்னால் உட்காருவேன்.

லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியது பூபதி. வேறு வேலை என்று காரணம் சொல்லி அல்ல, ரோல் உடைந்திருக்கிறது என்று சொல்லி. மயில்சாமியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டியதும் அவன். வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும்.

பாக்கு மென்றவன் தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழிக்க வேண்டும். ரோல் ஆறியபின் மறுபடி சோதிக்க வேண்டும். இந்த முறை நான்கு இடத்தில் அல்ல, முழுக்க, மில்காரர் பார்க்க.

மயில்சாமி, கேட்டால், கேட்டதைக் கேட்ட வரிசையில் சொல்ல வேண்டும். சத்தம் முதலில். செயின் பிறகு. நகைச்சுவை வேண்டாம்.

அறுப்பதற்கு முன் ரோலை வின்ச்சால் உலைக்குள் இழுத்து, மெல்லச் சூடேற்றி, உள்ளே இருக்கும் இழுவையைத் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் பட்டதும் அறுக்கிறவன் மேல் பாயும். விரிசல் எங்கும் ஓடிப் போகாது, இருந்த இடத்தில் இருக்கும். அதற்கான ஏற்ற இறக்கத்தை ஜெசிந்தா போட வேண்டும், எஃகு தானாகக் கக்குகிற சூட்டையும் சேர்த்து. நான் போடக் கூடாது. அவள் போட்டதில் யாராவது ஒரு மேட்டைக் குறைத்தால், குறைத்தவனைத்தான் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

என் காகிதத்தில் இருக்கும் வெள்ளிக்கிழமைக் கணக்கை அவளிடம் கொடுக்க வேண்டியது நான். அதில் மழை எங்கும் இல்லை.

அறுத்த முகத்தை முதலில் பார்க்க வேண்டியது ஜெசிந்தா. பூபதி அல்ல, நான் அல்ல. நான் கொட்டகைக்கு வெளியே நிற்பேன். நடு என்றால் நடு என்று, வளையம் என்றால் வளையம் என்று, மில்காரர் முன்னால் அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்காகக் குரலைக் குறைக்கக் கூடாது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.